திறந்து வைப்பதும் திறந்தே வைத்திருப்பதும்

(மரக்காணம் பகுதி ஆசிரியர்களுக்கான கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூடுகையில் களப்பயணம் பற்றிப் பேசினோம். எங்கே அழைத்துப் போவது, என்ன காட்டுவது, திரும்பி வந்தபின் என்ன எழுதச் சொல்வது என்று பேச்சு நீண்டது. அதன் தொடர்ச்சியாக ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். நான் எடுத்துக்கொண்டு வந்திருக்கும் பொருள் உங்களில் சிலருக்கு விநோதமாகத் தெரியலாம். தனி மனிதர்கள் சேர்த்துச் செப்பனிட்டு வைத்திருக்கும் பழைய போர் வாகனங்கள், அவற்றைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைப்பது என்பதுதான் பொருள். உப்பளத்து ஊர் ஆசிரியருக்கும் டாங்கிக்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசையில் ஒரு சிரிப்புக் கேட்கிறது. சம்பந்தம் இருக்கிறது. அதன் பெயர் துரு.

நம் ஊரில் ஒரு சைக்கிள் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும். வெளியூரிலிருந்து மாறுதலில் வரும் ஆசிரியர்கள் புது வண்டியோடு வருவார்கள். ஓராண்டில் மட்கார்டின் ஓரம் பொரிந்து உதிரும். பள்ளியின் இரும்புக் கதவுக்கு ஆண்டுதோறும் பெயிண்ட் அடிக்கிறோம், கீல் மட்டும் கிறீச்சிடுவதை நிறுத்துவதில்லை. உப்பளத்தில் பாத்தியைச் சமன் செய்யவும் உப்பு வாரவும் நம் மக்கள் மரப்பலகையையே வைத்திருக்கிறார்கள். அது ஏன் என்று எட்டாம் வகுப்பில் ஒரு கேள்வியாகவே கேட்கலாம். இரும்பு, காற்று, ஈரம் மூன்றும் சேர்ந்தால் துரு. அதோடு உப்பும் சேர்ந்தால் வேகம் பல மடங்கு. புத்தகம் இதை ஒரு பத்தியில் சொல்லும். நம் பிள்ளைகள் இதை வாசலிலேயே பார்த்து வளர்கிறார்கள்.

ஆகவே எண்பது ஆண்டுக்கு முந்தைய ஓர் இரும்பு வண்டியை இன்றைக்கும் ஓட வைக்கிறார் ஒருவர் என்று கேள்விப்படும்போது, அது என்ன வண்டி என்பதைவிட எப்படி ஓட வைத்தார் என்பதுதான் என் மனத்தில் முதலில் எழுகிறது. செப்பனிடுவது என்றால் பெயிண்ட் அடிப்பதல்ல. ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, அடையாளச் சீட்டுக் கட்டி, துருவை நீக்கி, உளுத்துப் போன பகுதியை வெட்டி எடுத்துப் புதிதாக வார்த்துப் பொருத்த வேண்டும். பழைய வரைபடம் கிடைக்காவிட்டால் இன்னொரு வண்டியைப் பார்த்து அளவெடுக்க வேண்டும். கடைசியில் இஞ்சின் ஓட வேண்டும். ஓடிய பிறகும் விட்டுவிட முடியாது. அவ்வப்போது ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் ரப்பர் இறுகும், எண்ணெய் கசியும், எரிபொருள் குழாய் அடைத்துக்கொள்ளும்.

இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜாக் லிட்டில்ஃபீல்டு. சிறு வயதில் டாங்கி பொம்மைகளின் உதிரிகளை ஒட்டி மாதிரிகள் செய்தவர். 1970களின் நடுவில் முதன்முதலாக ஒரு நிஜ ராணுவ வண்டியை வாங்கினார். அது டாங்கிகூட அல்ல, சக்கரம் வைத்த வேவு வண்டி. அதில் தொடங்கி, போர்ட்டோலா வேலி என்ற இடத்தில் இருந்த தன் பண்ணையில் இருநூறுக்கும் மேற்பட்ட ராணுவ வாகனங்களைச் சேர்த்துவிட்டார். பண்ணைக்குள்ளேயே பட்டறை, அதில் முழுநேரத் தொழிலாளர்கள். போலந்து நாட்டில் ஓர் ஆற்றுக்குள் இரண்டாம் உலகப் போரின்போது மூழ்கிக் கிடந்த ஜெர்மானியப் பாந்தர் டாங்கி ஒன்றை வாங்கி வந்து, பல ஆண்டுகள் செலவிட்டுச் செப்பனிட்டார்கள். ஆற்றுச் சேற்றில் கிடந்த அந்த இரும்பின் நிலையை நம்மால் எளிதாகக் கற்பனை செய்ய முடியும்.

அவர் அதைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை என்பதற்காகவே இன்று அவரைப் பற்றிப் பேசுகிறேன். 1990களின் பிற்பகுதியில் தன் சேகரிப்பை ஓர் அறக்கட்டளையின் கீழ் கொண்டுவந்தார். முன்கூட்டியே கேட்டு வருபவர்களுக்குச் சுற்றிக் காட்டினார்கள். ஆனாலும் அது ஒரு தனியார் பண்ணை. நினைத்த நேரத்தில் யாரும் உள்ளே போய்விட முடியாது. 2009 ஜனவரியில் புற்றுநோயால் அவர் இறந்தார். வயது அறுபதுகூட ஆகவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் நம் பேச்சுக்கு முக்கியம். சேர்த்தவர் போய்விட்டார்; இருநூறு வாகனங்கள் நிற்கின்றன. யார் எண்ணெய் ஊற்றுவது, யார் சம்பளம் கொடுப்பது? 2013இல் அந்தச் சேகரிப்பு காலிங்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுக்கப்பட்டது. அவர்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவில்லை. 2014 ஜூலையில் இரண்டு நாள் ஏலம் நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்டவற்றை விற்றார்கள். சுமார் 1 கோடி டாலர் வந்தது. அந்தப் பணத்தை முதலாக வைத்து, மிச்சமுள்ள முக்கியமான வாகனங்களைக் கிழக்குக் கரையில் உள்ள மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குக் கொண்டுபோய் ஓர் அருங்காட்சியகம் கட்டினார்கள். அங்கேயும் உடனே கதவு திறந்துவிடவில்லை. அருங்காட்சியகம் வந்தால் கூட்டமும் சத்தமும் வரும் என்று ஊர்க்காரர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். இது கல்விக்கான இடமா, வெறும் வேடிக்கை இடமா என்று உள்ளூர் நிர்வாகத்தோடு வழக்காடும் நிலை வந்தது. 2019இல்தான் அமெரிக்கப் பாரம்பரிய அருங்காட்சியகம் என்ற பெயரில் அது மக்களுக்குத் திறந்தது.

பாதியை விற்றது சரியா என்று கேட்டால், சேர்த்தவர் இருந்திருந்தால் மனம் நொந்திருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் மொத்தத்தையும் வைத்துக்கொண்டு கொட்டகையில் துருப்பிடிக்க விடுவதற்கு இது மேல். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் சண்டைக்கு வரலாம்.

நம் நாட்டில் தனி மனிதர் டாங்கி வாங்கி வீட்டில் நிறுத்துவது நடக்கிற காரியமல்ல. ஆனால் ராணுவம் கழித்த ஜீப்புகளும் லாரிகளும் ஏலத்தில் வெளியே வந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இங்கே மிஞ்சிக் கிடந்த ராணுவ லாரிகள் ஏலத்தில் போய், மேலே மரக்கூடு கட்டிப் பேருந்துகளாகவும் சரக்கு வண்டிகளாகவும் ஓடின. பஞ்சாப்–அரியானா எல்லையில் இருக்கும் மண்டி தப்வாலி என்ற ஊர், கழித்த ஜீப்புகளின் உதிரிகளைக் கொண்டு புது ஜீப் கட்டுவதற்கே பெயர் போனது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எப்போதாவது பளபளவென்று ஒரு பழைய ஜீப் புதுச்சேரிப் பக்கம் போவதை நம் பிள்ளைகள் கையசைத்துப் பார்ப்பார்கள். அதன் பின்னால் இப்படியொரு வரலாறு இருக்கிறது.

ஜீப்பைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் என்ற இடத்தில் நடந்த சண்டையில், ஜீப்பின் மேல் பொருத்திய பீரங்கியை வைத்துக்கொண்டு பாட்டன் டாங்கிகளை அடித்து நிறுத்தியவர் அப்துல் ஹமீது. அந்தச் சண்டையிலேயே உயிர் துறந்தார். மறைவுக்குப் பிறகு அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. அங்கே பிடிபட்ட பாட்டன் டாங்கிகளை ஓரிடத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள்; அந்த இடத்துக்குப் ‘பாட்டன் நகர்’ என்றே பெயர் வந்தது. பிறகு அவை நாட்டின் பல ஊர்களுக்கும் படைமுகாம்களுக்கும் வெற்றிச் சின்னங்களாகப் போய்ச் சேர்ந்தன. நம் மாநிலத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. விஜயந்தா என்ற டாங்கி 1960களின் நடுவிலிருந்து ஆவடித் தொழிற்சாலையில்தான் உருவானது. கிட்டத்தட்ட 39 டன் எடை. மகாராஷ்டிரத்தின் அகமத்நகரில் கவசப் படைப் பயிற்சி மையம் 1994இல் தொடங்கிய டாங்கி அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். முதல் உலகப் போர்க் காலத்து ரோல்ஸ் ராய்ஸ் கவச வண்டியும் அங்கே இருக்கிறது. மகாராஜாக்கள் உலா வந்த அதே காரின் அடிச்சட்டத்தின் மேல் இரும்புத் தகட்டைப் போர்த்திச் செய்தது அது.

இந்த 39 டன் கணக்கை நான் வகுப்பில் பயன்படுத்துகிறேன். ‘விசையும் அழுத்தமும்’ பாடம் வரும்போது கரும்பலகையில் ஒரு கேள்வி எழுதுவேன்: நம் உப்பளத்துச் சேற்றில் லாரி புதையும், டாங்கி புதையுமா? எல்லாரும் புதையும் என்றே கை தூக்குவார்கள். பிறகு வரைபடத் தாளில் அவரவர் பாதத்தை வரைந்து கட்டங்களை எண்ணச் சொல்வேன். 40 கிலோ எடையுள்ள ஒரு மாணவிக்கு 160 சதுர சென்டிமீட்டர் வந்தது. ஒற்றைக் காலில் நின்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ. டாங்கியின் எடையைத் தாங்குவது நான்கு சக்கரம் அல்ல, நீளமான இரண்டு சங்கிலிப் பட்டைகள். எடை அத்தனை பரப்பிலும் பிரிந்துவிடுவதால், பாரம் ஏற்றிய லாரியின் டயர் தரையை அழுத்தும் அளவுக்கு அது அழுத்துவதில்லை. உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு மாணவனின் அப்பா பாத்தி வரப்பில் பலகை போட்டு நடப்பாராம். “அதுவும் இதுவும் ஒண்ணுதான் சார்” என்று அவனே கண்டுபிடித்துச் சொன்னான். அதற்கு மேல் நான் விளக்க எதுவும் இருக்கவில்லை.

தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் வாகனச் சேகரிப்பைப் பொதுமக்கள் பார்ப்பதற்கு நல்ல உதாரணம் கோயம்புத்தூரில் இருக்கிறது. ராணுவ வண்டிகள் அல்ல, கார்கள். அவினாசி சாலையில் உள்ள ஜீடி கார் அருங்காட்சியகம். ஜி.டி. நாயுடு 1893இல் பிறந்தவர், 1974இல் மறைந்தவர். இளம் வயதில் ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, பணம் சேர்த்து அதையே வாங்கி, கழற்றி மாட்டிப் பழகியவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கியவர். அந்தக் குடும்பம் 2015இல் தங்கள் கார்களுக்கென்று தனி அருங்காட்சியகம் திறந்தது. அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு! எங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துப் போனோம். இரவெல்லாம் பயணம். காலையில் தூக்கக் கலக்கத்தோடு நுழைந்தவர்கள், 1886ஆம் ஆண்டு பென்ஸ் மூன்று சக்கர வண்டியின் நகல் முன்னால் நின்றதும் விழித்துக்கொண்டார்கள். “ஸ்டீயரிங்கே இல்லியே சார்?” என்றாள் ஒருத்தி. வட்டமான ஸ்டீயரிங் வருவதற்கு முன்னால் கைப்பிடியால் திருப்பினார்கள் என்பதை அங்கேயே வைத்துப் பேச முடிந்தது. வகுப்பறையில் அந்தக் கேள்வி பிறந்திருக்காது.

இனி கசப்பான ஒன்று. திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட எல்லாரும் வருவார்கள். திறந்தே வைத்திருக்க யாரும் வருவதில்லை. நம் கடற்படையின் முதல் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் 1997இல் பணி ஓய்வு பெற்றது. பிறகு மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாக மக்கள் பார்வைக்கு இருந்தது. 1971 போரில் பங்கேற்ற கப்பல். பராமரிக்கப் பணம் இல்லை, கடல் நீர் அடித்தட்டைத் தின்றுகொண்டே இருந்தது. 2012இல் பார்வையாளர்களை நிறுத்தினார்கள். 2014இல் ஏலம் போய் உடைக்கப்பட்டது. அதன் இரும்பில் ஒரு பகுதி மோட்டார் சைக்கிளாகச் சந்தைக்கு வந்தது. விளம்பரத்தில் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு என்னவோ போல இருந்தது.

அதே கடற்படையின் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் 2002இலிருந்து விசாகப்பட்டினக் கடற்கரை மணலில் நிற்கிறது. குடும்பத்தோடு சுற்றுலா போனபோது பார்த்தேன். 91 மீட்டர் நீளம். உள்ளே ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகத் தலையைக் குனிந்து, காலைத் தூக்கி வைத்து, வட்டத் துவாரத்தில் நுழைய வேண்டும். கடற்காற்றும் உப்பும் அங்கேயும் நம் ஊர் போலத்தான். ஆனாலும் உயிரோடு இருக்கிறது. கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் உள்ளே நின்று விளக்குகிறார்கள். இங்கே படுப்போம், இங்கே சமைப்போம் என்று அந்த வேலையைச் செய்த மனிதரே சொல்லும்போது கேட்பவர்கள் நகர்வதில்லை. ஒரு கப்பல் காப்பாற்றப்படுவதற்கும் இன்னொன்று உடைக்கப்படுவதற்கும் பணம் ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. தினமும் கதவைத் திறக்கவும், துடைக்கவும், பேசவும் ஆள் இருந்தார்களா என்பதும் ஒரு காரணம்.

இந்த உரைக்குத் தயாரானபோது எங்கள் பள்ளிச் சமூக அறிவியல் ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார். “பிள்ளைங்களுக்குப் பீரங்கியைக் காட்டித்தான் படிப்புச் சொல்லணுமா சார்? கொல்றதுக்குச் செஞ்ச வண்டி அது.” நியாயமான கேள்வி. பாந்தர் டாங்கியைப் பளபளவென்று செப்பனிட்டு விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தினால் அது அழகாகத்தான் தெரியும். ஆபத்தும் அதில்தான். இயந்திரத்தின் அழகைச் சொல்லிவிட்டு, அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டால் நாம் பாதிப் பாடம்தான் நடத்துகிறோம்.

இதை அந்த ஆசிரியையும் நானும் சேர்ந்து சோதித்துப் பார்த்தோம். திறன் வகுப்பறைத் திரையில் ஒரு பாட்டன் டாங்கியின் படத்தைப் போட்டு, நான் இஞ்சினையும் சங்கிலிப் பட்டையையும் விளக்கினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இந்த வண்டிக்கு எதிர்ல நின்னது யாரு?” முதலில் ‘நம்ம ஆளுங்க’ என்றார்கள். பிறகு ஒரு பையன், “உள்ள உக்காந்திருந்தவங்களுக்கும் எதிர்ல ஒருத்தர் இருந்தார்ல டீச்சர், ஜீப்புல” என்றான். உள்ளே எத்தனை பேர் என்று இன்னொருத்தி கேட்டாள். நான்கு பேர் என்றேன். “வெளிய வர எத்தனை கதவு சார்?” அதற்குப் பிறகு வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது. டாங்கியைக் காட்டாமல் இருந்திருந்தால் அந்த அமைதி வந்திருக்குமா என்று அவரே பின்னர் கேட்டார். ஆனால் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம் என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார். நானும் ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்கு ஜீப்பும் லாரியும் போதும்.

கோயம்புத்தூரும் விசாகப்பட்டினமும் தொலைவு. எல்லாப் பள்ளியாலும் போக முடியாது. ஆனால் நம் கிராமங்களில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் உண்டு. எங்கள் பள்ளிக்குப் பக்கத்து ஊரிலிருந்து அப்படி ஒரு பெரியவரை அழைத்தோம். சக்திமான் லாரி ஓட்டியவர். ஜபல்பூரில் ஜெர்மானிய நிறுவனத்தின் உரிமத்தில் செய்த வண்டி அது. லடாக்கில் காலையில் டீசல் உறைந்துவிடும், இஞ்சினுக்கு அடியில் நெருப்பு மூட்டிச் சூடேற்றித்தான் ஸ்டார்ட் செய்வோம் என்றார். “வண்டிக்குக் கீழ நெருப்பா தாத்தா?” என்று பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அவரிடம் வண்டி இல்லை. அன்றைக்குப் பயன்படுத்திய ஒரு ஸ்பேனர் மட்டும் வைத்திருந்தார், துணியில் சுற்றி. கிரீஸ் பூசி வைத்திருந்ததால் இந்த ஊர்க் காற்றிலும் அது துருப்பிடிக்கவில்லை. வகுப்பு முழுவதும் அதைக் கை மாற்றிப் பார்த்தது.

அதனால் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் பள்ளியின் பழைய வகுப்பறை ஒன்றைத் திறந்து வைக்கப் போகிறோம். வீடுகளில் கிடக்கும் பழைய வாகன உதிரிகள், ராணுவத்தில் இருந்தவர்களின் பெட்டிகள், தண்ணீர்க் குடுவைகள், உப்பளக் கருவிகள் எது இருந்தாலும் இரவல் தாருங்கள். தலைமையாசிரியர் கையெழுத்திட்ட ரசீது உண்டு. மாலையே திருப்பித் தந்துவிடுவோம். பொருளோடு அதைப் பயன்படுத்தியவரும் வந்தால் இன்னும் நல்லது, அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறோம். பதக்கங்களை மட்டும் அவரவரே கையில் வைத்துக்கொள்ளுங்கள், எங்களிடம் பூட்டுள்ள அலமாரி ஒன்றுதான் இருக்கிறது. கொண்டு வருவதற்கு முன்னால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட வேண்டாம். எட்டாம் வகுப்புக்கு அந்தத் துரு தேவைப்படுகிறது.